விடுமுறைக்கு வருகிறவள்

ஆகஸ்ட் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். சுகமாக இருக்கிறாயா? ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துச் சோடா உன் விரலிடுக்குகளை விட்டுவைத்திருக்கிறதா? இங்கே எல்லாரும் நலம். உன் அத்தானுக்கு முதுகுப் புண் ஆறிவிட்டது. குதிகாலில் மட்டும் தோல் சிவந்திருக்கிறது.

இந்த வருஷக் கடைசி விடுமுறைக்கு இப்போதே வேலையை ஆரம்பித்துவிட்டேன். டெலிபோன் கம்பத்திலிருந்து அவர் விழுந்த வருஷம் நாம் பேசிக்கொண்டது நினைவிருக்கிறதா? கடையில் வாங்கியதைப் பரிசாகக் கொடுக்கக் கூடாது, கையால் செய்ததுதான். அப்போது வேறு வழியில்லாமல் சொன்னோம். நாலு வருஷத்தில் அதுவே பழகி, இப்போது யாராவது பளபளத் தாளில் சுற்றி எதையாவது நீட்டினால் எனக்குச் சோம்பேறித்தனமாகத் தெரிகிறது.

உனக்கு ஒரு மெத்தை விரிப்பு தைக்கிறேன். துண்டுத் துணிகள் நிறைய இருக்கின்றன. பள்ளிக்கூடச் சமையல் வேலையை விட்டுவிட்டேன். வீட்டிலிருந்தபடியே சீருடை தைத்துக் கொடுக்கிறேன். அவரைத் திருப்பிப் படுக்கவைக்கவும் வசதி. வாலு நன்றாக இருக்கிறாள். அவள் அப்பாவுக்குச் சோப்பு வாங்கக் கடைவரைக்கும் போயிருக்கிறாள்.

அங்கே நமக்குத் தெரிந்தவர்கள் யாராவது வந்து போனார்களா? சும்மாதான் கேட்டேன்.

உன் நலத்தை நினைத்துக்கொண்டே முடிக்கிறேன்.
அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகம்தானே? பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. சலவை இயந்திரம் ஒன்று நின்றுவிட்டது. போர்வைகளைக் கையால் அலசினோம்.

நான் நலம். கீழே சைக்கிள் கடைக்காரர் காலையிலிருந்து மணியடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஒரு சைக்கிளுக்கு எத்தனை தடவை மணியடித்துப் பார்ப்பார் என்று கேட்டால், "அதுவும் பேசட்டுமேம்மா" என்கிறார். என் அறையில் இப்போது சலவைக்கூடத்துப் பெண் ஒருத்தி கூடத் தங்கியிருக்கிறாள். அமைதியான பெண். அவளுக்குக் கம்பளிப் பின்னல் கற்றுக்கொடுக்கிறேன். அத்தானுக்குத் தோளை மூடும் சால்வை ஒன்று போட்டுவருகிறேன். சாம்பல் நிறம், ஓரத்தில் சிவப்பு.

விடுமுறைக்கு என்னால் வர முடியாது. எல்லாரும் ஓய்வெடுக்கும் நாட்களில்தான் ஆஸ்பத்திரித் துணி மலையாகக் குவியும். பார்சலில் அனுப்புகிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தங்கை


செப்டம்பர் 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. உனக்கு அப்படி எழுத வராது. நீ அதைப் பார்த்துப் பார்த்துப் படி எடுத்திருக்கிறாய். இன்னொன்று. எப்போதும் முதல் வரியிலேயே "வாலு எப்படி இருக்கிறாள், இன்னும் வாயாடுகிறாளா" என்று கேட்பாய். இந்தத் தடவை அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நானும் உன்னிடம் பொய்தான் சொன்னேன். வாலு வீட்டில் இல்லை. ஜூலையில் ஒரு நாள் நான் பள்ளிக்கூடச் சமையலை முடித்துவிட்டு வந்தபோது அவள் அப்பா தனியாகப் படுத்திருந்தார். "எங்க அவ?" என்றேன். "சோப்பு வாங்கப் போனா" என்றார். அவள் திரும்பவில்லை. துணிப்பையும் இரண்டு உடுப்பும் இல்லை என்று மறுநாள்தான் பார்த்தேன். அவரிடம், "உங்க மச்சினி ஊர்ல வேலை கிடைச்சிருக்காம், அவசரமாக் கிளம்பிட்டா" என்று சொல்லிவைத்தேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பெற்ற அப்பாவைப் படுக்கையில் விட்டுவிட்டுப் போனாள் என்று எந்த வாயால் உனக்கு எழுதுவேன்? அதனால்தான் மறைத்தேன். நீ எதற்கு மறைக்கிறாய்?

கம்பளிப் பின்னல் தெரியாத அந்தப் பெண் இடது கையால் சாப்பிடுகிறவளா? அதை மட்டும் எழுது.

அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஆமாம். இடது கைதான்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. மாடிப்படியில் வந்து உட்கார்ந்திருந்தாள். நான் உனக்குத் தகவல் எழுதப் போனபோது பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "சித்தி, அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் இங்கேயும் இருக்க மாட்டேன்" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். உன்னிடம் உண்மையைச் சொல்லி அவளைத் தெருவுக்கு அனுப்புவதா, பொய் சொல்லிக் கண்ணெதிரே வைத்துக்கொள்வதா? நீயே சொல். ஏன் வந்தாள் என்று எத்தனையோ விதமாகக் கேட்டுவிட்டேன். வாயைத் திறக்கவில்லை.

முதல் வாரம் முழுக்கத் தூங்கினாள். இப்போது என்னோடு வேலைக்கு வருகிறாள். இஸ்திரிப் பகுதியில் போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் ஈரப் போர்வைகளைத் தொட்டியிலிருந்து இரண்டு பேருமாகத் தூக்கினோம். தூக்கியதும், "அப்பா கனம் இருக்கு" என்றாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் போர்வையை விட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

பத்தொன்பது வயதிலிருந்து இருபத்துமூன்று வயதுவரை அவரைத் தூக்கித் தூக்கி இறக்கியிருக்கிறாள், அக்கா. தோள் ஒன்று இறங்கிப்போயிருக்கிறது. நீ கவனித்தாயா?

உனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உன் நலம் கேட்கும்
தங்கை


அக்டோபர் 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். இந்த ஒற்றை அறையில் அழுவதற்கு அது ஒன்றுதான் மறைவான இடம். உயிரோடு இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், உன் கையால் சாப்பிடுகிறாள். போதும். பிறகு கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. ஒரு சீருடைக்கு இரண்டு கையையும் இடது கையாகத் தைத்துவைத்தேன்.

தோளைக் கவனித்தாயா என்று கேட்டிருந்தாய். கவனித்தேன். கவனித்து என்ன செய்ய? எனக்கும் இடுப்பில் பிடிப்பு. பக்கத்து வீட்டுப் பால்காரர் காலையில் ஒரு கை கொடுக்கிறார். மற்ற வேளைகளில் நான் மட்டும்தான். அதை விடு.

உன் அத்தான் ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறார். பழைய டெலிபோன் கேபிளை உரித்தால் உள்ளே நூல் மாதிரி மெல்லிய கம்பிகள் வரும் அல்லவா? சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். கூட வேலை பார்த்தவர்கள் ஒரு சுருள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் ஒரு கைப்பை பின்னுகிறார். "யாருக்குங்க?" என்றேன். "யாருக்கோ" என்றார். இடது தோளில் மாட்டுகிற அளவில் வார் வைத்திருக்கிறார்.

அவளிடம் பக்குவமாகப் பேசு. ஓடிப்போனதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். விடுமுறைக்கு மட்டும் வந்து போகட்டும். பிறகு உன்னிடமே இருக்கட்டும். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

இருவர் நலமும் விரும்பும்
அக்கா


நவம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இடுப்பு எப்படி இருக்கிறது? "அதை விடு" என்று நீ எழுதினால் நான் விட்டுவிட வேண்டுமா?

அவளிடம் சொல்லிவிட்டேன். துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். அழவில்லை, என்மேல் கோபப்படவும் இல்லை. "அம்மா வேலையை விட்டுட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். விடுமுறைக்குப் போ என்றேன். "முடியாது சித்தி." ஏன் என்றேன். "முடியாதுன்னா முடியாது."

ஆனால் இரண்டு நாள் கழித்து, கழித்துப்போட்ட ஆஸ்பத்திரித் துண்டுகளை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கிவந்தாள். கொதிக்கவைத்து, காயவைத்து, வளையம் வளையமாக வெட்டி, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். நடுவில் குழியுள்ள சின்னத் திண்டு. குதிகாலை அதில் வைத்தால் தோல் மெத்தையில் உராயாதாம். "அப்பாவுக்கா?" என்றேன். தலையாட்டினாள். மூன்று தடவை பிரித்துத் தைத்தாள். தையல் புடைப்பு காலில் குத்தக் கூடாதென்று, முடிச்செல்லாம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி போட்டிருக்கிறாள்.

கையில் திண்டை வைத்துக்கொண்டு ஒருத்தி எத்தனை நாள்தான் வர மாட்டேன் என்று சொல்வாள்? நேற்று அவளாகவே, "பஸ் எத்தனை மணிக்கு சித்தி?" என்று கேட்டாள். அவளுக்கு மட்டும் விடுப்பு கேட்டு வாங்கி, டிசம்பர் இருபதாம் தேதி அனுப்பிவைக்கிறேன்.

தங்கை


டிசம்பர் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். நலம், நலம், எல்லாரும் நலம்!

வீடு தலைகீழாகக் கிடக்கிறது. ஜன்னல் திரைகளைத் துவைத்து நீலம் போட்டேன். அடுப்புக்குப் பின்னால் கரியேறிய சுவருக்கு வெள்ளை அடித்தேன். பாதி சுவர் முடிந்ததும் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. இப்போது சுவர் இடுப்பு வரைக்கும் சட்டை போட்ட மாதிரி நிற்கிறது. அவள் பார்த்தால் சிரிப்பாள். பால்காரர் ஒரு பழைய பெட்டிக் கட்டில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தரையில் படுத்தால் அவள் தோளுக்கு ஆகாது. ஆரஞ்சுத் தோலை வேகவைத்து, பாகில் போட்டு, ஒரு ஜாடி நிறைய வைத்திருக்கிறேன். உனக்கு விரிப்பு முடிந்துவிட்டது. அவள் திரும்பும்போது கொடுத்தனுப்புகிறேன்.

உன் அத்தானிடம் சொன்னபோது நான் நினைத்த மாதிரி இல்லை. "வாலு வர்றா. விடுமுறைக்கு" என்றேன். பின்னிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "யார் சொன்னா?"

"தங்கச்சி எழுதியிருக்கா."

"அவளா வர்றேன்னு சொன்னாளா, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வரவழைக்கிறீங்களா?"

"இது என்ன கேள்வி? பெத்த பொண்ணு வர்றதுக்கு யார் வரவழைக்கணும்?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் பையைத் தொடவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு மூன்றாம் நாள் காலையில் "சவரம் பண்ணிவிடு" என்றார். அன்றிலிருந்து தினமும் சவரம். அவள் வரும் வரைக்கும் கன்னத்தில் தோல் மிஞ்சுமா என்று பார்க்கிறேன்.

இருபதாம் தேதியை எதிர்பார்த்திருக்கும்
அக்கா


டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். இது கிடைக்கும்போது அவள் உன் வீட்டில் உட்கார்ந்து ஆரஞ்சுத் தோலைத் தின்றுகொண்டிருப்பாள். காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அத்தானுக்குச் சால்வை, உனக்கு இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு கம்பளிப் பட்டை, அவளுடைய திண்டுகள், எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். சைக்கிள் கடைக்காரர் கம்பியை வளைத்து ஒரு குட்டி சைக்கிள் செய்து, "அப்பாகிட்ட குடும்மா" என்று கையில் திணித்தார்.

பஸ் கிளம்பும்போது, "சித்தி, நீங்க ரொம்ப நல்லவங்க" என்றாள். "பைத்தியம், பத்து நாள்ல வரப்போறே" என்றேன். சிரித்தாள்.

வந்து சேர்ந்ததும் ஒரு கார்டு போடச் சொல்.

தங்கை


ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம்தானே? கார்டும் இல்லை, கடிதமும் இல்லை. அவளுக்கு விடுப்பு முடிந்துவிட்டது. மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒருவேளை அங்கேயே இருந்துவிட்டாளோ? அப்படியானால் எனக்கு வருத்தமில்லை. ஒரு வரி எழுதிவிடு, போதும்.

தங்கை


ஜனவரி 15

தங்கச்சிக்கு,

அவள் வரவில்லை.

இருபதாம் தேதி மாலையிலிருந்து பஸ் நிற்கும் இடத்தில் பால்காரரின் மனைவியை நிற்கவைத்தேன். மறுநாள் நானே போய் நின்றேன். நாள் மாறிப்போயிருக்கும், அடுத்த பஸ்ஸில் வருவாள் என்று நினைத்துக்கொண்டே இருந்ததில் உனக்கு எழுதவில்லை. எழுதினால் வரவில்லை என்பது நிஜமாகிவிடும் என்று ஒரு பைத்தியக்காரத்தனம். நீ உடனே விசாரி. எனக்கு இங்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு பஸ் டிப்போவில் கிடந்தேன். அன்றைய கண்டக்டரைக் கண்டுபிடித்துவிட்டேன். அவருக்கு அவளை நினைவிருக்கிறது. பாதி வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது மூட்டையோடு இறங்கியிருக்கிறாள். வண்டி கிளம்பும் நேரம், "ஏம்மா, ஏறு" என்று கூப்பிட்டிருக்கிறார். "நீங்க போங்க அண்ணே, நான் இங்கதான்" என்றாளாம். இங்கேதான் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்போல என்று அவரும் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார்.

நானும் அந்த இடத்துக்குப் போனேன். நாலு சாப்பாட்டுக் கடை, ஒரு தபால் ஆபீஸ், நாலாப்பக்கமும் ரோடு. எந்தப் பக்கம் போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. போலீசில் சொன்னேன். "சின்னக் குழந்தையா என்ன? இருபத்துமூணு வயசு. தானா இறங்கியிருக்கா" என்று பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

நான்தான் ஏற்றிவிட்டேன், அக்கா. பஸ் எத்தனை மணிக்கு என்று அவள் கேட்டபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! அத்தானிடம் என்ன சொன்னாய்?

தங்கை


பிப்ரவரி 10

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். கைவிரல்களைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்த வாரமே ஒரு பார்சலும் வந்தது. நீ கட்டிக் கொடுத்த அதே மூட்டை. மேல்துணியில் நம் விலாசம், அவள் கையெழுத்து. நீ பார்த்த அந்தத் தபால் ஆபீஸ் முத்திரைதான். கண்டபடி சுற்றி, எங்கேயோ கிடந்து, இவ்வளவு நாள் கழித்து வந்திருக்கிறது. சால்வையை உதறினேன், பட்டையை உதறினேன், திண்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

உன் அத்தானின் கால்களைத் தூக்கித் திண்டுகளை வைத்தேன். அளவு அச்சாகப் பொருந்தியது. அவருக்குக் காலில் உணர்ச்சி இல்லை என்று உனக்குத் தெரியும். அதனால் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நான்தான் போகச் சொன்னேன்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. "யாரை?"

"அவளைத்தான். நீ சமையலுக்குப் போயிருந்தப்ப. என்னைத் திருப்பிப் போட்டுட்டு, சுவத்துல சாஞ்சு நின்னு மூச்சு வாங்கினா. கிழவி மாதிரி. போயிடுன்னேன். முடியாதுன்னா. கத்தினேன். நீ இங்க நின்னா நான் சோறு தண்ணி தொட மாட்டேன்னேன். நான் கூப்பிட்டாலும் வராதே, அம்மா அழுதாலும் வராதேன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினேன்."

ஏழு மாசம், தங்கச்சி. ஏழு மாசம் நான் சொன்ன பொய்யைக் கேட்டுக்கொண்டு, உண்மையைத் தெரிந்தவர் அந்தக் கட்டிலிலேயே படுத்திருந்திருக்கிறார்.

"அப்ப அந்தப் பையை எதுக்குப் பின்னினீங்க? எதுக்குத் தினமும் சவரம்?"

"வந்துட்டாள்னா?" என்றார்.

அவர் அழுதார். நான் அழவில்லை. சோப்பு வாங்குகிற சாக்கில் அவள் ஓடிப்போனதாக நினைத்து நான் எத்தனை நாள் அவளைச் சபித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் இறங்கி, சாப்பாட்டுக் கடையில் நின்று, இந்தப் பக்கம் வரவும் முடியாமல் உன் பக்கம் திரும்பவும் முடியாமல் நின்றிருப்பாள். உன்னிடம் திரும்பி வந்தால் நாம் மறுபடி அனுப்பிவைப்போம் என்று அவளுக்குத் தெரியாதா?

அவர் செய்தது சரிதான் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்பாவாக அவர் கையில் கொடுக்க இருந்தது அது ஒன்றுதான். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"என்கிட்ட ஏங்க அப்படிச் சொல்லல?"

"சொன்னா நீ போய்க் கூட்டிட்டு வந்திருப்பே."

"அதைக் கேக்கல. என்னை ஏன் ஒரு நாளும் போகச் சொல்லல?"

என்னை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு குழந்தை மாதிரி, "நீயும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். "அது எனக்குத் தோணலை" என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். திருப்பிப் படுக்கவைக்கும் வேளை வந்துவிட்டது. நீ பின்னிய பட்டையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து திருப்பினேன். பட்டை நன்றாகத்தான் இருக்கிறது.

பால்காரர் கொண்டுவந்து போட்ட பெட்டிக் கட்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இடத்தை அடைக்கிறது. மீதிச் சுவருக்குச் சுண்ணாம்பு வாங்கவில்லை. உன் விரிப்பைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். வருகிற விடுமுறைக்கு எதுவும் செய்ய வேண்டாம், நானும் செய்யப் போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவளைத் தேடாதே. அவளாக எப்போதாவது உன் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தால், உள்ளே கூப்பிட்டுச் சோறு போடு. ஏன், எங்கே என்று எதுவும் கேட்காதே. எனக்கும் எழுதாதே. எழுதினால் நான் கூப்பிட்டுவிடுவேன். இரண்டு நாள் பொறுப்பேன், மூன்றாம் நாள் இடுப்பு வலிக்கும், கூப்பிட்டுவிடுவேன். என்னை நான் நம்பவில்லை.

நீ சுகமாக இரு. நாங்கள் இரண்டு பேரும் இங்கே இருக்கிறோம்.

அக்கா